தொங்கவிட்ட மான் கறியில் கோளாறா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மலைக்காட்டில் கடமானோ ஃபேலோ என்ற சின்ன வகை மானோ சுட்டு, வீட்டுக்குக் கொண்டு வந்து கொக்கியில் மாட்டியவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, தொடை வாடை அடிக்குது, தூக்கிப் போட்டுடணுமா?" "அண்ணே, ஒரு வாரம் தொங்கவிட்டும் ரப்பர் மாதிரி இருக்கு." என் ஷெட்டில் சின்னதாக ஒரு குளிர் அறை இருக்கிறது, தெரிந்தவர்கள் சிலர் அங்கே கொண்டு வந்து மாட்டுவார்கள். அதே தவறுகளை வருஷா வருஷம் பார்த்து, அதே பதில்களைச் சொல்லிக்கொண்டிருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. இந்தக் கடமான்கள் நம் பக்கத்து மிருகம்தான், 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் வந்தவை, ஈழத்தில் மரை என்பார்கள். ஆனால் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இதைத் தொடவே கூடாது, இலங்கையிலும் சட்டம் அப்படித்தான். இங்கே எழுதியிருப்பது விக்டோரியாவில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். அந்தக் கறியை விற்கவும் கூடாது, வீட்டுக்கும் பங்குக்கும்தான்.

கையில் இருக்க வேண்டியவை: கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர், நல்ல டார்ச், ஒரு மெல்லிய கபாப் கம்பி, பேப்பர் டவல். நினைவில் இருக்க வேண்டிய எண்கள்: தொங்கவிடும் இடம் 1 முதல் 4 டிகிரி, தொடையின் நடுவில் எலும்பை ஒட்டி 7 டிகிரிக்குக் கீழே. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய காட்டு விலங்குக்கு இந்த 7 டிகிரிதான் சட்டமே.

ஐந்தாம் நாள் கொக்கியில் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு அநேகமாக முதல் இரண்டு மணி நேரத்திலேயே, காட்டில், தரையில் வைத்தே நடந்து முடிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் முதலில் கேட்பது, அன்றைக்குக் காட்டில் என்ன நடந்தது என்றுதான்.

## தொடையில் எலும்பை ஒட்டி வாடை

அதிகமாக வரும் புகார் இது, அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான். தொட்டால் சில்லென்று இருக்கும், மேலே நல்ல சிவப்பு, வெளியில் ஒரு வாடையும் இருக்காது. இடுப்பு மூட்டில் கத்தி நுழைந்து பந்து எலும்பு கழன்று வரும் அந்த நொடியில் புளித்த பாலும் சாக்கடையும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் முகத்தில் அடிக்கும். மூட்டைச் சுற்றி இருக்கும் சதை சாம்பலும் பச்சையுமாக, நசநசவென்று இருக்கும்.

வெட்டாமலேயே கண்டுபிடிக்கலாம். கபாப் கம்பியைக் கொதிநீரில் முக்கித் துடைத்து ஆறவிட்டு, தொடையின் உள்பக்கமாக எலும்பை ஒட்டியே இடுப்பு மூட்டு வரைக்கும் செலுத்துங்கள். ஐந்து எண்ணிவிட்டு உருவி உடனே முகருங்கள். சுத்தமான தொடையில் இரும்பு மாதிரி ஒரு லேசான ரத்த வாடைதான் வரும். நான்கு சப்பைக்கும் (முன்கால், பின்கால் பகுதிகள்) தனித்தனியாகச் செய்யுங்கள், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கம்பியைத் துடைக்காமல் விடாதீர்கள்.

குடல் எடுக்கத் தாமதமா? முதலில் இதைக் கேளுங்கள். மான் விழுந்த பிறகும் உடம்பு 38, 39 டிகிரியில்தான் இருக்கும், வயிற்றில் புல் நொதித்துக்கொண்டே சூட்டைக் கிளப்பும். அரை மணி நேரத்துக்குள் குடல் வெளியே வர வேண்டும், ஒரு மணி நேரம் என்பது என் கணக்கில் கடைசி எல்லை. சாயங்காலம் சுட்டுவிட்டு இருட்டில் தேடி, காலையில் கண்டெடுத்த மான் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

சூடு போக வழி இருந்ததா? சூடான தொடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக எஸ்கியில் (தூக்கிப் போகும் ஐஸ் பெட்டிக்கு இங்கே அதுதான் பெயர்) அடுக்கி மூடியைச் சாத்தினால் அது ஐஸ் பெட்டியாக இருக்காது, தெர்மாஸ் ஃபிளாஸ்க் ஆகிவிடும். டிரக்கின் பின்னால் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிச் சுற்றுவதும் அதே கதைதான். நிழலில், கிளையில், ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு மணி நேரம் காற்றாடத் தொங்கவிட்டு, அதன் பிறகு ஏற்றுங்கள்.

பெரிய ஆண் கடமானா? 200 கிலோவைத் தாண்டும் மிருகத்தின் பின் தொடை என் இடுப்பு அளவுக்கு இருக்கும், ஒரு ராத்திரிக் குளிர் அதன் நடுவுக்குப் போய்ச் சேராது. இதற்கு மட்டும் தொடையின் உள்பக்கத்தில் எலும்பைத் தொடும் வரை நீளமாக ஒரு கோடு கிழித்துத் திறந்து விடுகிறேன். அந்தக் கோடு காய்ந்துபோய்க் கொஞ்சம் கறி வீணாகும், பரவாயில்லை, முழுத் தொடையும் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

குளிர் அறை ஒழுங்காக ஓடுகிறதா? சுவரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது காற்றைச் சொல்கிறது, கறியைச் சொல்வதில்லை. முதலில் கதவு ரப்பர்: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள், சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது. அடுத்து உள்ளே இருக்கும் காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறதா, மின்விசிறிக்கு முன்னால் ஏதாவது மறைக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாளில் மூன்று சூடான உடல்களை மாட்டினீர்களா என்றும் யோசியுங்கள், சின்ன அறை அதைத் தாங்காது. இதெல்லாம் சரியாக இருந்தும் காலி அறை ஒரு ராத்திரி முழுக்க மூடிக் கிடந்து 4 டிகிரிக்குக் கீழே வரவில்லையென்றால் குளிர்பதன மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாயுவைத் தொட இங்கே உரிமம் வேண்டும், யூடியூப் பார்த்து நீங்களே ஏற்றப் போகாதீர்கள்.

கம்பியில் வாடை வந்த தொடையை என்ன செய்வது? மூட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தத் தொடையை முழுசாக விட்டுவிடுவேன். மற்ற மூன்றும் சுத்தமாக இருந்தால் அவற்றில் தவறே இல்லை. வாடை வந்த கறியை உப்புக்கண்டம் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். உப்பும் வெயிலும் நல்ல கறியைக் காக்கும், கெட்டதைத் திருப்பித் தராது.

## மேலே பிசுபிசுப்பு, கொழகொழப்பு

பேப்பர் டவலை அழுத்தி எடுங்கள். டவல் ஈரமாகி அதோடு சரி என்றால் வெறும் ஈரம். ஒட்டிக்கொண்டு இழை இழையாக வந்தால் கிருமி படர ஆரம்பித்துவிட்டது.

காரணம் பத்துக்கு எட்டுத் தடவை தண்ணீர்தான். குழாயைத் திறந்து உள்ளும் புறமும் கழுவினால் சுத்தம் என்று நமக்குப் பழக்கம், வீட்டில் கோழிக்கறியை அப்படித்தானே அலசுகிறோம். தொங்கவிடப் போகும் உடலை அப்படிக் கழுவினால் ஒரு மூலையில் இருந்த சாணி எல்லா இடத்துக்கும் போகும், ஈரமும் தங்கிவிடும். அழுக்கான இடத்தைக் கத்தியால் சீவி எடுங்கள், ரத்தத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் உடனே துடைத்து, மின்விசிறி முன்னால் விடுங்கள்.

அடுத்த காரணம் எஸ்கியில் உருகிய ஐஸ் தண்ணீர். இரண்டு நாள் அதில் மிதந்த கறி வெளுத்து, பஞ்சு மாதிரி ஆகிவிடும். அடியில் இருக்கும் தண்ணீர்த் திருகைத் திறந்து வைத்து, கறிக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு தட்டு போடுங்கள். தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து எடுத்துப் போவது இன்னும் நல்லது.

இவை இரண்டும் இல்லையென்றால் குளிர் அறைக்குள் பாருங்கள். உடல்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் பிசுபிசுப்பு இருந்தால் தள்ளித் தள்ளி மாட்டுங்கள், நடுவில் கை நுழையும் இடைவெளி வேண்டும். ஆறிய கறிக்குப் பக்கத்தில் சூடான புது உடலை மாட்டினாலும், மழைக்காலத்துக் கண்ணாடி மாதிரி பழையதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

வாடையில்லாத லேசான பிசுபிசுப்பு என்றால் மேலே சீவிவிட்டு, காற்றில் உலர்த்தி, அன்றைக்கே வெட்டிச் சமையுங்கள். விரல் கனத்துக்குச் சீவிய பிறகும் உள்ளே வாடை இருக்கிறது, இல்லையென்றால் சவ்வுக்கு அடியில் காற்றுக் குமிழ் இருந்து அழுத்தினால் நொறுநொறுவென்று சத்தம் வருகிறது என்றால் மொத்தமும் குழிக்குப் போகட்டும். சமைத்தால் கிருமி சாகலாம், அது விட்டுப்போன நஞ்சு அப்படியே இருக்கும்.

## கறி ரப்பர் மாதிரி இருக்கிறது

"வயசான மான் போல" என்று எல்லோரும் மிருகத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். வயது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை, ஆனால் ஒன்றரை வயது ஃபேலோ பெண் மான் ரப்பர் மாதிரி வந்ததை என் கையாலேயே வெட்டியிருக்கிறேன். அது முழுக்க நான் செய்த தப்பு. கார் போகாத இடத்திலிருந்து தூக்கி வந்து, பாரம் குறையட்டும் என்று அங்கேயே உரித்து, ஜூலை மாதத்து ராத்திரியில் (இங்கே அது குளிர்காலம்) மரத்தில் மாட்டிவிட்டுத் தூங்கினேன். காலையில் புல்லெல்லாம் உறைபனி. கறி பார்க்க அவ்வளவு அழகு, மாசுமருவில்லை. சமைத்துப் பார்த்தால் மெல்ல முடியவில்லை.

செத்த பிறகு எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது? உடல் விறைத்து முடிவதற்குள் சதை ரொம்பக் குளிர்ந்தால் நார் சுருண்டு இறுகிவிடும். முதல் 10 மணி நேரத்துக்குள் சதை 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சீக்கிரம் ஆற வை என்றேன், இங்கே மெதுவாக ஆற வை என்கிறேனே என்று கேட்பீர்கள். கடமான் தொடைக்கு நடுவில் சூடு தங்குவது பிரச்சினை, ஃபேலோவின் மெல்லிய முதுகுக் கறிக்குச் சீக்கிரம் உறைவது பிரச்சினை. ஃபேலோ மாதிரி சின்ன மானைக் குளிர்காலத்தில் தோலோடு தொங்கவிடுங்கள், தோல்தான் அதன் போர்வை. கடமானைத் தோல் உரித்து, பிரித்து, காற்றாட விடுங்கள். இரண்டுக்கும் 24 மணி நேரத்துக்குள் 7 டிகிரி.

விறைப்பு விடும் முன்பே எலும்பிலிருந்து கழற்றினீர்களா? எலும்போடு இருக்கும் வரை சதை சுருங்க முடியாது, எலும்பு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காட்டிலேயே முதுகுக் கறியை உருவி எடுத்தால் அது கண் முன்னாலேயே குட்டையாகிப் பருக்கும். கடமானை முழுசாகத் தூக்கி வர முடியாது, அது புரிகிறது. அப்போதும் தொடையையும் முன் சப்பையையும் எலும்போடு எடுத்து வாருங்கள், முதுகுக் கறி மட்டும் தனியாக வரட்டும், வந்ததும் குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் படுக்க வையுங்கள்.

விறைப்பிலேயே ஃப்ரீசரில் போட்டீர்களா? இதுதான் மிக மோசமானது. அன்றைக்கே வெட்டி அன்றைக்கே உறைய வைத்த கறி, வெளியே எடுத்து உருகும்போது ஒரேயடியாகச் சுருங்கும், தட்டு நிறையச் சிவப்புத் தண்ணீர் நிற்கும். ஃப்ரீசரில் இப்படிப்பட்ட பாக்கெட் ஏற்கெனவே இருந்தால், அதை எடுத்து நேரே அடுப்பில் வைக்காமல் 1, 2 டிகிரியில் சில நாள் மெதுவாக உருகவிட்டுப் பாருங்கள். கொஞ்சம் இளகும், பழைய நிலைக்கு வராது.

எத்தனை நாள் தொங்கியது, எதில் தொங்கியது? இளம் மானுக்கு நான் 3 முதல் 5 நாள் கொடுப்பேன், வளர்ந்ததற்கு 7 முதல் 10 நாள். அதற்கு மேல் போனால் இளக்கம் கூடுவதைவிடக் காய்வதுதான் கூடுகிறது. குதிகால் நரம்பில் மாட்டுவதற்குப் பதிலாக இடுப்பெலும்பில் கொக்கியை மாட்டி, பின்னங்கால் முன்னோக்கித் தொங்கும்படி விட்டால் தொடையும் முதுகும் நீண்டு நிற்கும், கறி கண்கூடாக மிருதுவாகும். ஆஸ்திரேலியாவில் மாட்டிறைச்சிக் கூடங்களில் இதை டெண்டர்ஸ்ட்ரெட்ச் என்பார்கள். செலவே இல்லாத வேலை, விறைப்பதற்கு முன்னால் மாட்ட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

எல்லாம் சரியாகச் செய்தும் ரப்பர் என்றால் அது நிஜமாகவே கிழட்டு மான். பல்லைப் பாருங்கள், கடைவாய்ப்பல் தேய்ந்து மொட்டையாக இருக்கும். வறுவல் ஆசையை விட்டுவிட்டு குக்கரில் போடுங்கள், கொத்துக்கறி ஆக்குங்கள். பச்சைப் பப்பாளியைத் தோலோடு அரைத்து ஒரு மணி நேரம் பிரட்டி வைப்பது இந்தக் கறிக்கும் வேலை செய்கிறது, ராத்திரி முழுக்க வைத்தால் மேலே மாவாகிவிடும். இந்தத் தலைப்பில் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் வராது.

## வெட்டிய முகம் கருத்து, காய்ந்து, விரலில் ஒட்டுகிறது

நல்ல மான் கறியை வெட்டியதும் அடர்சிவப்பாக இருக்கும், அரை மணி நேரம் காற்றில் வைத்தால் கொஞ்சம் தெளிந்து வரும். அப்படித் தெளியாமல் நாவல்பழ நிறத்திலேயே இருந்து, தொட்டால் பசை மாதிரி ஒட்டினால், அந்த மான் களைத்துச் செத்திருக்கிறது. நாய்கள் விட்டு நீண்ட தூரம் ஓட்டிய கடமானில் பார்க்கலாம். மோசமாகக் குண்டு பட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓடி, படுத்து, மறுபடி எழுந்து ஓடிய மானிலும் பார்க்கலாம். சதையில் இருந்த சர்க்கரையெல்லாம் ஓட்டத்தில் தீர்ந்துவிட்டதால் கறி புளிக்க வேண்டிய அளவுக்குப் புளிக்கவில்லை. நல்ல கறியின் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5 முதல் 5.8 வரை வரும், இது 6க்கு மேலேயே நின்றுவிடும்.

வாடையில்லையென்றால் சாப்பிடலாம். ஆனால் சீக்கிரம் கெடும், அதனால் ஒரு வாரமெல்லாம் தொங்கவிடாதீர்கள். விறைப்பு விட்டதும், இரண்டாம் மூன்றாம் நாளிலேயே வெட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், வெற்றிடப் பாக்கெட்டில் வாரக்கணக்கில் குளிரில் வைப்பது இதற்கு ஆகாது.

அடுத்த முறைக்குத் தீர்வு துப்பாக்கிப் பயிற்சிதான். சந்தேகமான குறி என்றால் விரலை எடுத்துவிடுங்கள். அந்த மிருகம் படும் பாட்டுக்காகவே அதைச் சொல்கிறேன், கறி அதற்கு அடுத்தபடி.

ஓட்டவும் இல்லை, ஒரே குண்டில் விழுந்தது, ஆனாலும் கறி இப்படி இருக்கிறது என்றால் மான் நோயில் இருந்திருக்கலாம். கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## பச்சை நிறம்

பயப்படும் முன் துண்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பெட்ரோல் சிந்திய தண்ணீர் மாதிரி பச்சை நகர்ந்து, ஊதாவாகி, மறைந்தால் அது வெளிச்சம் நார்களில் பட்டுச் சிதறுவது, கறிக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படிச் சாய்த்தாலும் அதே இடத்தில் அதே பச்சை நின்றால் அழுகல்.

நிற்கும் பச்சை எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. வயிற்றுச் சுவரிலும் விலாவின் உள்பக்கத்திலும் மட்டும் என்றால் குடல் தாமதமாக வந்திருக்கிறது, இல்லையென்றால் இரைப்பைச் சாறு பட்டிருக்கிறது. அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். மஞ்சள் கலந்த பச்சையாக, நக்கினால் கசக்கும் போல இருந்தால் பித்தம் (மானுக்குப் பித்தப்பை கிடையாது, ஆட்டோடு பழகியவர்கள் தேடிக் களைப்பார்கள், அதனால் இதற்கு வாய்ப்புக் குறைவு, குடலில் இருந்த சாறாகத்தான் இருக்கும்). இடுப்பு மூட்டில் பச்சை என்றால் முதல் தலைப்பு.

## ஈ முட்டை, புழு

அரிசிக் குருணையைக் கொத்தாகக் கொட்டி வைத்த மாதிரி வெள்ளை முட்டைகள். விலாவின் உள்மடிப்பு, குண்டுத் துளை, கழுத்து வெட்டு, குதத்தைச் சுற்றி, இந்த நான்கு இடத்தில் டார்ச் அடித்தால் போதும்.

முட்டை மட்டும் என்றால் கத்தியால் சுரண்டி, அடியில் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிட்டு, நேரே குளிருக்குள் கொண்டு போங்கள். கறி கெட்டுப்போகவில்லை. வெதுவெதுப்பான நாளில் ஒரு நாளைக்குள் பொரித்துவிடும் என்பதால் ஒத்திப்போடக் கூடாது. பொரித்த புழு மேலோடு ஊர்ந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறியலாம். சதைப் பிரிவுகளுக்கு இடையில் புகுந்து எலும்பு வரை போயிருந்தால் அந்தச் சப்பை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கும் பழுப்பு நிற ஈ ஒன்று முட்டையே போடாமல் உயிருள்ள புழுவை நேராக விட்டுப் போகும். "பத்து நிமிஷம்தான் திறந்து வெச்சேன், அதுக்குள்ள எப்படிப் புழு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான்.

தடுக்க, காற்றுப் போகும் பருத்தித் துணிப் பை. பழைய தலையணை உறையைத் துவைத்துக் காயவைத்து எடுத்துப் போனாலும் ஆகும். பிளாஸ்டிக் பையில் சூடான கறியைக் கட்டாதீர்கள், ஈயிடமிருந்து காப்பாற்றி வியர்வையிடம் கொடுக்கிறீர்கள். ஈரமான இடங்களில் மிளகுத்தூளைத் தாராளமாகத் தேய்ப்பதும் உதவும்.

## பூஞ்சை, கல் மாதிரி காய்ந்த மேல்பகுதி

வெள்ளைப் பொடி மாதிரி உலர்ந்த பூஞ்சையை மேல்பட்டையோடு சீவி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துகிறேன். பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாக இருந்தாலோ, அடியில் ஈரமாக இருந்தாலோ ஆழமாக வெட்டுங்கள். விலாவின் உள்பக்கம் முழுக்கப் பரவியிருந்தால் விலாவை விட்டுவிடுங்கள். அறையைக் காலி செய்து, சுவரையும் கொக்கியையும் மின்விசிறி உறையையும் தேய்த்துக் கழுவி உலர்த்தாமல் அடுத்த மானை மாட்டினால் மறுபடியும் அதுவே வரும்.

கறுத்துக் காய்ந்த பட்டை கோளாறே இல்லை. தோலில்லாமல் தொங்கினால் அப்படித்தான் ஆகும். ரொம்பத் தடிமனாகிக் கறி வீணாகிறது என்றால் தோலோடு தொங்கவிடுங்கள், இல்லையென்றால் துணி சுற்றுங்கள், மின்விசிறி நேராக அடிக்காமல் திருப்பி வையுங்கள்.

## சமைத்தால் வீச்சம் தாங்கவில்லை

கெட்ட கறியின் நாற்றமும் மானுக்கே உரிய வீச்சமும் வேறு வேறு. பச்சையாக இருக்கும்போது வாடையில்லாமல், அடுப்பில் ஏறியதும் எழுந்தால் முதல் சந்தேகம் கொழுப்பு. மான் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பு மாதிரி ருசிக்காது, மெழுகு மாதிரி வாயில் ஒட்டும். அதையும் வெள்ளிச் சவ்வையும் முழுக்க எடுத்துவிட்டு ஒரு துண்டை மட்டும் வதக்கிப் பாருங்கள், பாதிப் புகார்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் கத்தியை விசாரியுங்கள். பின்னங்காலில் சுரப்பி இருக்கும் மயிர்க்கொத்தையும், கண்ணுக்கு முன்னால் இருக்கும் சுரப்பிக் குழியையும் தொட்ட கத்தியாலேயே கறியை வெட்டினீர்களா? தோலுக்கு ஒரு கத்தி, கறிக்கு ஒரு கத்தி. ஒன்றுதான் இருக்கிறது என்றால் நடுவில் வெந்நீரில் கழுவுங்கள். உரிக்கும்போதும் மயிரின் வெளிப்பக்கத்தைத் தொட்ட கை சதையைத் தொடக் கூடாது.

இரண்டும் இல்லையென்றால் ஏப்ரல் மாதத்து ஆண் ஃபேலோவாக இருக்கும். அது இணை தேடும் காலத்தில் தன் மேலேயே சிறுநீர் விட்டுக்கொண்டு திரியும், தின்னவும் மாட்டாது. எத்தனை நாள் தொங்கவிட்டாலும் அந்த வீச்சம் போகாது. கறிக்காகப் போகிறீர்கள் என்றால் அந்த மாதம் பெண் மானைச் சுடுங்கள்.

## குடல் கிழிந்துவிட்டது, குண்டு பட்ட இடம் கூழாகிவிட்டது

குடலில் குண்டு பட்டால் அவசரம் இரண்டு மடங்கு. சாணம் பட்ட இடத்தைத் துடைத்தால் தேய்த்து உள்ளே ஏற்றுவதுதான் நடக்கும், சீவி எடுங்கள். வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கும் உள்முதுகுக் கறிதான் முதலில் நனையும், எவ்வளவு ருசியான துண்டாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். குண்டே படாமல் உங்கள் கத்தியே கிழித்துவிட்டது என்றால், அடுத்த முறை உணவுக்குழலை முடிச்சுப் போட்டும், மலக்குடலைச் சுற்றி வெட்டி ஒரு நூலால் கட்டியும் வைத்துக்கொண்டு இழுங்கள். வயிற்றைத் திறக்கும்போது கத்தி முனை மேலே பார்க்கட்டும், இரண்டு விரல் அடியில் நுழைந்து குடலைத் தள்ளிப் பிடிக்கட்டும்.

குண்டு பட்ட இடத்தில் ரத்தம் உறைந்து ஜெல்லி மாதிரி இருக்கும் சதை சீக்கிரம் கெடும். ஈயக் குண்டு என்றால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் துளையிலிருந்து ஒரு சாணுக்கு அப்பாலும் சிதறியிருக்கும், அதனால் கஞ்சத்தனம் பார்க்காமல் வெட்டுங்கள். வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ சாப்பிடுவார்கள் என்றால் செம்புக் குண்டுக்கு மாறிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு மான் கறி நன்றாக வெந்ததாகத்தான் இருக்க வேண்டும், நடுவில் சிவப்பாக விடக் கூடாது.

## உள்ளுறுப்பில் கட்டி, சீழ், புழு

குடல் எடுக்கும்போதே பார்க்க வேண்டியது இது, ஐந்து நாள் கழித்து நினைவு வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. எடுத்தவற்றை ஒரு சுத்தமான புல்தரையில் பரப்பி, ஈரல், நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் புரட்டிப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

ஈரலில் குழாய் தடித்து, வெட்டினால் இலை மாதிரி தட்டையான புழு வந்தால் ஈரல் புழு. விக்டோரியா மான்களில் இது உண்டு. ஈரலை எறியுங்கள், மான் கொழுகொழுவென்று இருந்தால் கறி நல்லது.

நுரையீரல் விலாவோடு ஒட்டி, பிய்த்து எடுக்க வேண்டியிருந்தால் பழைய காய்ச்சலின் தழும்பு. உலர்ந்து சுத்தமாக இருந்தால் விலாவை மட்டும் விடலாம், சீழ் இருந்தால் மொத்தத்தையும் விடுங்கள். ஈரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த பைகள் இருந்தால் அது நாய்கள் மூலம் மனிதருக்கு வரும் நாடாப்புழுவாக இருக்கலாம். எந்த மானின் உள்ளுறுப்பையும் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள்.

பல இடத்தில் சீழ்க்கட்டி, நெறிகட்டிகள் எல்லாம் வீங்கியிருப்பது, சதையும் கொழுப்பும் மஞ்சள் பூத்திருப்பது, மான் எலும்பும் தோலுமாக இருப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் கறியைத் தொடாதீர்கள். சுடும் முன்பே தள்ளாடி நின்ற மான் என்றாலோ, வாயிலோ குளம்புக்கு நடுவிலோ கொப்புளம் இருந்தாலோ உடனே கால்நடை நோய் அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள்: 1800 675 888, ஆஸ்திரேலியா முழுக்க 24 மணி நேரமும் எடுப்பார்கள். நாலைந்து போட்டோ எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பைத் தொடவோ எடுத்து வரவோ அவர்கள் சொன்னால் மட்டும் செய்யுங்கள். அங்கிருந்து கிளம்பும் முன் கத்தி, பூட்ஸ், கை மூன்றையும் கழுவிவிடுங்கள், அடுத்த பண்ணைக்குள் அதே பூட்ஸோடு போய்விடாதீர்கள்.